சீட்டுக்கட்டில் இல்லாத மல்லர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள், தரவரிசை என எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒருவன் "எடை" என்று சொல்லித் தன் எண்ணைப் படிப்பான். எதிராளியின் சீட்டில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் சீட்டு பறிபோய்விடும். யோகோசுனாவையும் அண்டர்டேக்கரையும் கையில் வைத்திருந்தவன் மதிய உணவு இடைவேளையில் ராஜாவாக நடந்தான். மல்யுத்தம் என்றால் உடம்பின் அளவு என்பதுதான் அந்த வயதில் எங்களுக்குக் கிடைத்த பாடம்; அந்தப் பாடத்தை மறப்பதற்கு எனக்குப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

மறக்க வைத்தவர் பிரையன் டேனியல்சன். உயரம் ஆறடிக்கும் குறைவு, எடை 90 கிலோவுக்கு அருகில், தசை முறுக்கேறிய உடம்பும் இல்லை, பார்வைக்கு ஏதோ ஒரு கல்லூரியில் உதவி நூலகராக இருப்பவர் போன்ற முகம். அந்தச் சீட்டுக்கட்டில் அவர் இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே பறிகொடுக்க வேண்டிய சீட்டாக இருந்திருப்பார். 2014 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பிரம்மாண்டமான விளையாட்டரங்கில், அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் உலக சாம்பியன் பெல்ட்டை அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இரவை நோக்கியே சொல்கிறார்கள்: பத்து ஆண்டுகள் சின்னச் சின்னக் கூடங்களில் அல்லாடினார், பிறகு பெரிய இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று. எனக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. அந்தப் பத்து ஆண்டுகளை ரயிலுக்காக நடைமேடையில் உட்கார்ந்திருந்த நேரமாகக் கணக்கிடுவது, அவர் செய்த வேலையின் பெரும்பகுதியைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

அமெரிக்காவில் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று மல்லுக்கு நிற்பவர்களை 'இண்டி' என்று சுருக்கி அழைப்பார்கள். தமிழில் அவர்களைச் சுயேச்சைகள் என்றே சொல்லலாம். தேர்தலில் நிற்கும் நம் சுயேச்சைகளைப் போலவே கட்சியும் காசும் இல்லை, சின்னத்தைக்கூட ஒவ்வொரு முறையும் புதிதாக மக்களிடம் பதிய வைக்க வேண்டும்.

டேனியல்சன் 1981-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீனில் பிறந்தவர். மரம் அறுக்கும் தொழிலால் வளர்ந்து, அந்தத் தொழிலோடு சேர்ந்தே தேய்ந்த கடற்கரை ஊர் அது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1999-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குச் சென்று, ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். முதுகுக் காயத்தால் 1998-இல் களத்திலிருந்து ஒதுங்கியிருந்த மைக்கேல்ஸ் அப்போது ஆசிரியராகியிருந்தார். 'அமெரிக்கன் டிராகன்' என்ற பட்டப்பெயர் அங்கே கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டேனியல்சன் முதல் முறையாகப் பார்வையாளர்கள் முன் இறங்கினார்.

இந்தத் தொழிலில் முதலில் கற்பிக்கப்படுவது அடிப்பது அன்று, விழுவது. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகைகளை அடுக்கி, அதன் மேல் மெல்லிய நுரைப்படுகையை விரித்து, கித்தான் துணியை இழுத்துக் கட்டிய ஒரு மேடை. அது மெத்தை என்று இன்றும் நம்புகிறவர்களை ஒரே ஒரு முறை அதில் மல்லாந்து விழச் சொல்ல வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இரு கைகளையும் விரித்துத் தரையில் அறைந்து, முதுகின் பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் படும்படி விழுந்தால் அதிர்ச்சி பரவும். தலை ஒரு நொடி பின்னால் சாய்ந்தால் அத்தனை அதிர்ச்சியும் மண்டைக்குப் போகும். இதை அவர்கள் 'பம்ப்' என்கிறார்கள். களமிறங்கிய முதல் ஐந்து மாதங்களுக்குள்ளேயே தனக்கு மூன்று முறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக டேனியல்சன் பின்னாளில் சொன்னார். அவருக்கு அப்போது வயது 18.

2000-இல் பெரிய நிறுவனம் அவரை மெம்ஃபிஸில் இருந்த தன் பயிற்சி அணிக்கு எடுத்துக்கொண்டது. அங்கேதான் இங்கிலாந்துக்காரரான வில்லியம் ரீகலிடம் அவர் பிடிகளைக் கற்றார். மணிக்கட்டைத் திருகுவது, திருகிய மணிக்கட்டிலிருந்து புரண்டு எழுவது, எழும்போதே எதிராளியின் முழங்காலைப் பூட்டுவது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அவிழும் பழைய பிரிட்டிஷ் பாணி அது. 2001-இல் அந்த அணியோடு நிறுவனம் உறவை முறித்துக்கொண்டபோது அவரும் வெளியே வந்தார். அந்த ஆண்டு வெளியே வருவதற்கு மிக மோசமான ஆண்டு. மற்ற இரண்டு நிறுவனங்களில் இ.சி.டபிள்யூ. கடையைச் சாத்தியிருந்தது, டபிள்யூ.சி.டபிள்யூ.வை மார்ச் மாதத்திலேயே போட்டி நிறுவனம் வாங்கி விழுங்கியிருந்தது. மூன்று முதலாளிகள் இருந்த தொழிலில் ஒரே ஒரு முதலாளிதான் மிஞ்சினார், அவரும் வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்.

ஆனால் அந்த மூடல்களிலிருந்தே ஒரு புதிய இடம் பிறந்தது. பிலடெல்பியாவில் மல்யுத்த வீடியோ நாடாக்களை விற்றுப் பிழைத்த ஒரு வியாபாரத்துக்கு, இ.சி.டபிள்யூ. மூடப்பட்டதும் விற்பதற்குப் புதிய சரக்கு இல்லாமல் போனது. சரக்கைத் தாங்களே உற்பத்தி செய்துவிடலாம் என்று தொடங்கியதுதான் 'ரிங் ஆஃப் ஹானர்'. 2002 பிப்ரவரி 23 அன்று நடந்த முதல் நிகழ்ச்சியின் இறுதிச் சண்டையில் லோ கீ, கிறிஸ்டோபர் டேனியல்ஸ் ஆகியோரோடு மூன்றாமவராக நின்றார் டேனியல்சன். நிறுவனத்துக்குத் தொலைக்காட்சி இல்லை. கூடத்தில் சில நூறு பேர், அதன் பிறகு அந்த இரவின் நாடாவையோ டிவிடியையோ தபாலில் வாங்குகிறவர்கள் என்பதே வருமானம். கதைத் திருப்பங்களையும் வாய்ச்சவடால்களையும் வாரா வாரம் வீட்டுக்குள் அனுப்ப வழியில்லாததால், சண்டையின் தரத்தை மட்டுமே நம்பி விற்க வேண்டியிருந்தது. சண்டைக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்தார்கள். கலை நோக்கம் என்று ரசிகர்கள் பின்னால் கொண்டாடியதன் அடியில் ஒரு கடைக்காரரின் கணக்கு இருந்தது. அதனால் கலை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் "எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஆடுவதுதானே" என்ற கேள்வி வரும். ஆம், யார் வெல்வார் என்பது முன்கூட்டியே தெரியும். படுகளத்தன்று துரியோதனன் விழப் போகிறான் என்பது வடதமிழ்நாட்டில் கூத்துக்குப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும்தான் தெரியும். அவன் விழுவதற்கு முன் ஊரை எத்தனை நேரம் அடங்க வைத்திருக்கிறான் என்பதில்தான் வேடம் கட்டியவரின் திறமை இருக்கிறது. 2004 ஆகஸ்டில் ஆஸ்டின் ஏரிஸோடு டேனியல்சன் ஆடிய சண்டை எழுபது நிமிடங்களைத் தாண்டியது. தொடர் கதையின் துணையின்றி, பின்னணி இசையின்றி, ஒரே சதுர மேடையில் இரண்டு மனிதர்கள் எழுபது நிமிடங்கள் ஒரு கூட்டத்தைக் கட்டி வைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பத்தாவது நிமிடத்தில் முறுக்கிய கை நாற்பதாவது நிமிடத்தில் வலிக்க வேண்டும். அந்த வலியை ஆட்டக்காரர் மறந்தால் கூட்டமும் அவரை மறந்துவிடும்.

அந்த ஆண்டுகளில் அவர் ஒரே கூடத்தில் தங்கியிருக்கவில்லை. கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் நியூ ஜப்பான் நிறுவனம் நடத்திய பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, அதன் வழியாக ஜப்பானுக்குப் போய் முகமூடி அணிந்து ஆடினார். இங்கிலாந்துக்குப் போய் மாதக்கணக்கில் ஊர்க் கூடங்களிலும் விடுமுறை முகாம்களிலும் ஆடினார். இந்த விடுமுறை முகாம் என்ற பகுதியைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. பெற்றோரோடு கடற்கரைக்கு வந்த குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், ஜப்பானிய ரசிகர்கள் மௌனமாக மெச்சும் நுணுக்கமான பிடிகளுக்கு மதிப்பே கிடையாது. கெட்டவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏமாற்ற வேண்டும், நடுவர் திரும்பிப் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும், குழந்தைகள் எழுந்து நின்று கத்த வேண்டும். பின்னாளில் ரிங் ஆஃப் ஹானரில் எதிராளி கயிற்றைத் தொட்ட பிறகும் பிடியை விடாமல், நடுவர் நான்கு எண்ணும் வரை வைத்திருந்து, "எனக்கு ஐந்து வரை நேரம் இருக்கிறது" என்று நடுவரின் முகத்துக்கு நேரே கத்துவதை அவர் தன் முத்திரையாக்கிக்கொண்டார். விதியின் கடைசி அங்குலம் வரை போய் நிற்கும் அந்தக் குறும்பில் முகாம்களின் மேடை வாசனை அடிப்பதாக எனக்குத் தோன்றும்.

பிழைப்பைப் பற்றி ஒரு சொல். சுயேச்சை மல்லருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நிகழ்ச்சி நடத்துபவரிடம் பேசிக்கொள்வது மட்டுமே. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களுக்கு மூன்று ஊர்கள், ஒரே காரில் நான்கு பேர், பெட்ரோல் காசைப் பங்கு போடுதல், இடைவேளையில் ஒரு மடக்கு மேசையின் பின்னால் நின்று சட்டையும் கையெழுத்திட்ட படமும் விற்றல். எத்தனையோ இரவுகளில் ஆட்டக்கூலியைவிட அந்த மேசைதான் அதிகம் தரும். மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. பெரிய நிறுவனமும்கூட மல்லர்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொள்ளாமல் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்றே எழுதி வைத்திருப்பது இந்தத் தொழிலின் நீண்டகால வேடிக்கை.

2005 செப்டம்பர் 17 அன்று ஜேம்ஸ் கிப்சனை வென்று டேனியல்சன் ரிங் ஆஃப் ஹானர் உலக சாம்பியன் ஆனார். 2006 டிசம்பர் 23 அன்று ஹோமிசைடிடம் இழக்கும் வரை 462 நாட்கள் அந்த பெல்ட் அவரிடம் இருந்தது. அதில் ஆறு வாரங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். 2006 ஆகஸ்டு 5 அன்று சமோவா ஜோவோடு அறுபது நிமிடங்கள் ஆடிச் சமநிலையில் முடித்தார். ஆகஸ்டு 12 அன்று கடல் தாண்டி லிவர்பூலில் நைஜல் மெக்கின்னஸோடு மோதினார். ஆகஸ்டு 26 அன்று கோல்ட் கபானாவோடு ஆடிய சண்டையில் தோள்பட்டை விலகி, தசைநார்கள் இரண்டு கிழிந்தன. செப்டம்பர் 16 அன்று, அதாவது மூன்று வாரங்கள் கழித்து, நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் ஜப்பானின் கென்டாவோடு அரை மணி நேரத்துக்கும் மேலாக ஆடினார். கென்டா உதைப்பதற்குப் பெயர் போனவர், அந்தத் தோளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த நண்பன் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வந்த டிவிடியில்தான் அதை நான் முதன்முதலில் பார்த்தேன். ஒரு கையைப் பாதியாகப் பயன்படுத்திக்கொண்டு முழு மனிதனாக ஆடுவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள அன்று இரவு இரண்டாம் முறையும் பார்த்தேன்.

பார்த்ததை இப்படிப் பெருமையாக எழுதிய பிறகு கை சற்றுத் தயங்குகிறது. லிவர்பூல் சண்டையில் ஒரு கட்டம் வரும்: மெக்கின்னஸின் இரு கைகளையும் இரும்புத் தூணுக்கு வெளியிலிருந்து பிடித்து இழுத்து, அவர் தலை தூணில் மோதும்படி டேனியல்சன் செய்வார். தடுப்பு ஏதும் இல்லாமல் தலை தூணில் மோதியது, இரத்தம் உண்மையானது. ஓராண்டு கழித்து 2007 ஆகஸ்டு 25 அன்று மன்ஹாட்டன் சென்டரில் டகேஷி மோரிஷிமாவின் அடியில் டேனியல்சனின் கண்குழி எலும்பு முறிந்து விழித்திரை பிரிந்தது. ஒரு கண் தெரியாமலேயே மீதிச் சண்டையை ஆடித் தோற்றார். அந்தக் காயமே பிறகு இருவருக்கும் இடையிலான பகைக்குக் கதைப்பொருளாக்கப்பட்டது. அந்தத் தொழிலில் எதுவும் வீணாவதில்லை, கண்கூட. இந்த இரண்டு சண்டைகளையும் மகத்தானவை என்று நான் நண்பர்களிடம் பரிந்துரைத்திருக்கிறேன். மேடையில் ஒருவரின் கழுத்தும் உயிரும் இன்னொருவரின் கையில் இருக்க, அந்தக் கை அதைப் பத்திரமாகத் தரையில் இறக்குவதுதான் கைத்திறன் என்று ஒருபுறம் விளக்கிக்கொண்டு, அந்தப் பத்திரம் உடைந்த இரவுகளையே மறுபுறம் மெச்சியிருக்கிறேன். தொலைக்காட்சியில்லாத கூடத்தில் நானூறு பேரை எழுப்ப அவர்களிடம் இருந்தது உடம்பு ஒன்றுதான் என்பதும், எழுந்து நின்று கைதட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான் என்பதும் ஒரே உண்மையின் இரண்டு முனைகள்.

மெக்கின்னஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டன்காரர், அமெரிக்காவின் சின்சினாட்டியில் பயின்றவர். 2007 அக்டோபரில் மோரிஷிமாவை வென்று சாம்பியனாகி, 2009 ஏப்ரல் வரை 545 நாட்கள் பெல்ட்டை வைத்திருந்தார். டேனியல்சனின் காலத்தைவிட நீண்டது அது. புஜத் தசைநார் கிழிந்த நிலையிலும் ஆடினார். இருவருக்கும் இடையே தராசை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டிருக்கிறோம். 2009-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. இருவரையும் அழைத்தது. செப்டம்பர் 26 அன்று மன்ஹாட்டன் சென்டரில் நடந்த விடைபெறும் இரவில், ரிங் ஆஃப் ஹானரில் தங்கள் கடைசிச் சண்டையை இருவரும் ஒருவரோடொருவர் ஆடினார்கள். டேனியல்சன் வென்றார்.

பிறகு நடந்ததை எந்தக் கதை எழுத்தாளரும் எழுதியிருக்க மாட்டார். ஒப்பந்தத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் மெக்கின்னஸின் பழைய புஜக் காயம் தென்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வரச் சொன்னார்கள் என்று அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் இன்னொரு நிறுவனத்துக்குப் போனார், பெயர் மாற்றப்பட்டது, சில மாதங்கள் ஜொலித்தார், பிறகு உடல்நலம் கைவிட்டது. 2011 முடிவில், ஊர் ஊராக ஒரு கடைசிச் சுற்று சுற்றிவிட்டு, களத்திலிருந்து விலகினார். அந்தச் சுற்றைத் தானே ஓர் ஆவணப்படமாகவும் எடுத்தார். கண் ஒருமுறை பழுதான டேனியல்சன் பரிசோதனையில் தேறினார்.

தேறியவருக்கும் பாதை நேராக இருக்கவில்லை. டேனியல் பிரையன் என்று பெயரைத் திருப்பிப் போட்டார்கள். பத்தாண்டு அனுபவத்தோடு வந்தவரை, புதுமுகங்களுக்கான நிகழ்ச்சியில் மாணவனாக நிறுத்தினார்கள். 2010 ஜூனில் நேரலையில் அறிவிப்பாளரின் கழுத்தை அவருடைய கழுத்துப் பட்டையாலேயே இறுக்கியது எல்லை மீறிய வன்முறை என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். இரண்டே மாதங்கள். அந்த இரண்டு மாதங்களில் அவர் நேராகப் போனது தன் பழைய கூடங்களுக்கு. அங்கே ரசிகர்கள் அவர் நுழையும்போது மேடையை நோக்கிக் கழுத்துப் பட்டைகளை வீசி எறிந்தார்கள். நிறுவனத்துக்கு எது குற்றமோ அதுவே இங்கே மாலையாக விழுந்தது. ஆகஸ்டில் நிறுவனமே மீண்டும் அழைத்துக்கொண்டது. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு காட்சியை நேரில் பார்க்கக் கிடைத்தால் நான் 2014-இன் பெல்ட்டைக் கேட்க மாட்டேன், அந்தக் கழுத்துப் பட்டை மழையைத்தான் கேட்பேன்.

2016 பிப்ரவரியில், மூளை அதிர்ச்சிகளின் கணக்கு மருத்துவர்களைப் பயமுறுத்தியதால், சொந்த மாநிலமான வாஷிங்டனின் சியாட்டிலில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். முதல் ஐந்து மாதங்களில் மூன்று என்ற செய்தியை அன்றைய பேச்சில்தான் சொன்னார். 2018-இல் மருத்துவர்கள் அனுமதித்ததும் திரும்பினார். 2021-இல் ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய நிறுவனத்துக்குத் தன் சொந்தப் பெயரிலேயே வந்தார். வந்ததும் வராததுமாக முப்பது நிமிடச் சமநிலை ஒன்றை ஆடியதைப் பார்த்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய டிவிடி மனிதர் அப்படியே இருப்பது தெரிந்தது.

மெக்கின்னஸ் அதே நிறுவனத்தில் வர்ணனையாளராக இருந்தார். ஒலிவாங்கிக்குப் பின்னால் இருந்துகொண்டு, டேனியல்சன் ஆடும்போதெல்லாம் ஓயாமல் குத்திப் பேசிக்கொண்டிருந்தார். பாதி வேடம், பாதி என்ன என்று கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். 2024 ஆகஸ்டு 25 அன்று லண்டன் வெம்ப்ளியில் பல பேர் மோதும் ஆட்டம் ஒன்றில், பதின்மூன்று ஆண்டுகளாகக் களமிறங்காத அவர் திடீரென்று மேடைக்கு வந்தார். அதே இரவில்தான் டேனியல்சன் தன் முழுநேரப் பயணத்தைப் பணயம் வைத்து ஆடி அந்த நிறுவனத்தின் உலக சாம்பியன் ஆனார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 25 அன்று, நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் டென்னிஸ் அரங்கில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மன்ஹாட்டன் சென்டர் இரவிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. இங்கே அப்போது 26-ஆம் தேதி விடிந்திருந்தது. வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை, ஒலியைக் குறைத்துக் கைப்பேசியில் பார்த்தேன்.

இருவரிடமும் பழைய வேகம் இல்லை. மணிக்கட்டைத் திருகுவதும், திருகிய பிடியிலிருந்து புரண்டு வெளிவருவதும் மட்டும் அப்படியே இருந்தன. மீண்டும் டேனியல்சனே வென்றார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி தன் மாநிலமான வாஷிங்டனின் டகோமாவில் பெல்ட்டை ஜான் மாக்ஸ்லியிடம் தோற்று, முழுநேர ஆட்டத்திலிருந்து விலகினார். மெக்கின்னஸ் வர்ணனை மேசைக்குத் திரும்பினார்.